உப்புக் கிடங்குக்கு ஒரு கேள்வி

பிப்ரவரி 3, செவ்வாய்

எங்கள் உத்தியோகத்தில் நாட்குறிப்பு எழுதக் கூடாது. எழுதியதை எவனாவது ஒருநாள் படித்தே தீருவான் என்பது பயிற்சியில் சொல்லித் தந்த முதல் பாடம். இருந்தாலும் எழுதுகிறேன். காரணம் என் மனைவி அரசி. போன மாதம் என் ரத்த அழுத்தம் எகிறியதிலிருந்து டெல்லியிலிருந்து போனில் ஒரே உத்தரவு. "தினமும் நாலு வரி எழுதுங்க. அதுல ஒரு வரியாவது யாருக்காச்சும் நன்றி சொல்லி இருக்கணும். உங்களுக்குக் குத்தம் கண்டுபிடிக்கவே பொழுது சரியாப் போயிருது."

சரி, எழுதுவோம். இந்தத் தூதரகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஊர்ப் பெயரையும் நாட்டின் பெயரையும் மட்டும் எழுத மாட்டேன். அந்த அளவுக்கு உப்பிட்டவரை நினைக்கிறவன்.

வாசல் பலகையில் என் பதவி, இரண்டாம் செயலர், தொழிலாளர் நலன். உண்மையில் நான் உளவுத்துறை ஆள் என்பது தூதருக்கும் டெல்லியில் நாலு பேருக்கும் தெரியும். ஆனால் பலகையை நம்பி வருகிறவர்களை என்ன செய்வது? இன்று காலை மட்டும் ஏழு பேர். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்ட முதலாளி, லீவு தராத மேனேஜர், கழிவறை இல்லாத தங்குமிடம். வேஷத்துக்குப் போட்ட வேலை முழுநேர வேலையாகிவிட்டது.

அசல் வேலை இதுதான். கடலுக்கு அக்கரையில் போர் நடக்கிறது. நாலு மாதத்துக்கு முன் அங்கே ஒரு ஆயுதக் கும்பல் சரக்குக் கப்பல் ஒன்றைப் பிடித்தது. அதில் நம் ஆட்கள் ஐந்து பேர். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. இப்போது பெரிய நாடுகளின் விமானங்கள் அந்தத் துறைமுகத்தை அடிக்கப் போகின்றன. அடிக்கக் கூடாத இடங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணீர் நிலையம். நம் ஐவர் இருக்கும் கூரையையும் அதில் சேர்க்க வேண்டும். பட்டியல் 14-ஆம் தேதி மாலை மூடப்படும். அதற்குள் எந்தக் கூரை என்று சான்றோடு காட்ட வேண்டியது நான்.

இன்றைய நன்றி தோசை மாவுக்கு. மூன்று நாளாக ஏசிக் குளிரில் முரண்டு பிடித்தது, இன்று பொங்கிவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

அபு ஹாதிமைப் பார்த்தேன். இந்த நாட்டு உளவுத்துறையில் எனக்குச் சமமான ஆள். அவர் நாடும் நம் நாடும் பாதி விஷயத்தில் எதிரும் புதிரும். நானும் அவரும் ஒருவர் பேச்சை ஒருவர் நம்பாமலே ஆறு வருஷமாக நல்ல நண்பர்கள்.

அவருடைய மைத்துனரைக் குண்டு வைத்துக் கொன்றது இதே கும்பல்தான். அதே கும்பலின் குலப் பெரியவர்களோடு அவர் வாரம் ஒரு முறை உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார், யாராவது ஒருத்தரையாவது வெளியே கொண்டுவரலாம் என்று.

"எப்படி முடிகிறது?" என்று கேட்டேன்.

"குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் வாய் கொப்பளிப்பேன்" என்றார்.

துறைமுகத்துக்கு வடக்கே ஒரு பழைய உப்புக் கிடங்கு. உங்கள் ஐந்து பேரும் அங்கேதான் என்கிறார். நம்புவதற்குச் சான்று வேண்டும். கைதிக்கும் அவன் வீட்டுக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டு, பதிலை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

"ஒரே ஒரு கேள்விதான் உள்ளே போகும், மிஸ்டர் சண்முகவேல். இரண்டாவதற்கு வழியில்லை. கொண்டு போகிறவனின் கழுத்துக்கு நான் பொறுப்பு."

அந்தப் பெயர் தெரியாதவனுக்கு நன்றி.

பிப்ரவரி 5, வியாழன்

ஐவரில் ஒருவர் ரெமிஜியுஸ். கப்பலில் எஞ்சின் பிட்டர், வேம்பார்க்காரர். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அந்தப் பக்கத்துப் பேச்சு பழக்கம் என்பதால் அவர் வீட்டையே தேர்ந்தெடுத்தேன். மனைவி ஜெனோவா. நான் போன் செய்தபோது வீட்டில் பங்குச் சாமியார், வார்டு கவுன்சிலர், இன்ஸ்பெக்டர் எல்லோரும் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னதே நான்தான். மறைக்கிறோம் என்ற சந்தேகம் வரக் கூடாதல்லவா.

கேள்வியும் என்னுடையதே. இருபத்தாறு வருஷ அனுபவத்தில் கண்டது, மனிதனுக்குத் தேதி மறக்கும், சாப்பாடு மறக்காது.

"ஜெனோவாம்மா, அவர் கப்பலுக்குக் கிளம்பின அன்னைக்கு என்ன சாப்பிட்டுட்டுப் போனார்?"

சத்தமே இல்லை. அப்புறம் மாமியார் மிக்கேலம்மாளின் குரல் கேட்டது. "சொல்லு தாயி, சார் கேக்காவல்லா?"

"சீலா மீன் கொழம்பு, சார்."

"எம்மவனுக்குச் சீலான்னா உசுரு" என்றார் மாமியார். "அன்னைக்கு நா மணப்பாட்டுல மவ வீட்டுக்குப் போயிருந்தேன். இல்லன்னா எங்கையாலயே ஆக்கிப் போட்டிருப்பேன்."

ஆக, இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அச்சில் வார்த்த மாதிரிக் கேள்வி. ஜெனோவா தயங்கியதை 'அழுகை' என்று குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

விடுமுறை. ஆறு சட்டை துவைத்தேன். அரசி பேசினாள். பின்னால் யாரோ மைக்கில் "டோக்கன் நம்பர் நாப்பத்தி ரெண்டு" என்று இந்தியில் கூப்பிட்டார்கள். எங்கே என்றேன். பேங்கில் என்றாள். மகள் கூடப் போயிருக்கிறாளாம். பேங்குக்கு எதற்குத் துணை என்று நினைத்தேன், கேட்கவில்லை. நன்றி, நல்ல வெயிலுக்கு.

பிப்ரவரி 9, திங்கள்

பதில் வந்துவிட்டது. சிகரெட் பெட்டி அட்டையில், ஆங்கிலத்தில், நடுங்கிய கையெழுத்து. 'வீட்டில் ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பன்.'

சீலா மீன் குழம்புக்கும் பன்னுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. யாரையோ உட்காரவைத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். 'பதில் பொருந்தவில்லை. கிடங்கில் இருப்பவர் நம்மவர் என்று நம்ப முகாந்திரம் இல்லை. இந்த வழி நம்பத்தக்கதல்ல' என்று மாலையில் டெல்லிக்கு ஒரு தகவல் அனுப்பப்பட்டது.

இன்று நன்றி சொல்ல யாரும் தோன்றவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

டெல்லியிலிருந்து பெரியவர், என் மேலதிகாரி, கூப்பிட்டார். "பட்டியலில் இடம் வாங்க நான் எத்தனை பேர் காலைப் பிடித்திருக்கிறேன் தெரியுமா? பொய்யான இடத்தைக் கொடுத்தால் நாளைக்கு யாரும் நம்மை நம்ப மாட்டார்கள். உப்புக் கிடங்கை விட்டுவிடு." விட்டாயிற்று. அங்கே குண்டு விழலாம். அங்கே இருப்பவர்கள் நம்மவர்கள் இல்லை என்பதால் விழலாம்.

அபு ஹாதிமிடம் நேரில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். "என் ஆள் அந்த மனிதனைக் கண்ணால் பார்த்தான். கேள்வியைப் படித்ததும் அவன் அழுதான் என்று சொன்னான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு மனிதன் ஏன் அழ வேண்டும் என்று நீங்கள் யோசிக்கவில்லையா?"

பசியில் அழுதிருப்பான் என்றேன். என் காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. நான் நடைமுறைப்படிதான் நடந்தேன். இதை மூன்றாவது தடவையாக எழுதி அடிக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

பலகையை நம்பி இன்று வந்தவர் சீனி இபுராகிம், தொண்டிக்காரர், தையல்காரர். லீவு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார். வீட்டில் என்ன அவசரம் என்று விசாரித்தேன். "நீங்களே கேளுங்க சார்" என்று என் மேசையிலிருந்தே மனைவிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கோம்ங்க. ஒரு கொறையும் இல்ல. நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க" என்றது அந்தப் பக்கம்.

"அவசரம் ஒன்றும் இல்லைபோலிருக்கிறதே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு பச்சைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி. "சார், எங்க உம்மா பக்கத்துல உக்காந்திருக்கு. மாமியார வச்சுக்கிட்டு எந்தப் பொம்பள சார் உள்ளதச் சொல்லும்? காலையில புள்ளையப் பள்ளிக்கூடத்துல விடப் போவா. அப்ப போன் அடிப்பேன். அப்பத்தான் உண்மை வரும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் பயந்து தானும் எழுந்து நின்றார்.

அவருடைய லீவுக்காகக் கம்பெனிக்கு அப்போதே போன் செய்து, பத்து நிமிஷம் கத்தி, வாங்கியும் கொடுத்தேன். சீனி இபுராகிம் அவர்களே, உங்களுக்கு நன்றி. எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது.

பிப்ரவரி 12, வியாழன்

கிடங்கிலிருந்து என்ன பதில் வந்தது என்பது ஜெனோவாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நான் 'பன்' என்று வாயெடுத்தாலே போச்சு, சொல்லிக் கொடுத்தேன் என்று ஆகிவிடும். ரெக்கார்டரை ஓடவிட்டு, ஊரில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்துக்கு அவள் செல்போனுக்கு அடித்தேன்.

"தனியா இருக்கீங்களாம்மா?"

"புள்ளைய உட்டுட்டு ரோட்டுல நிக்கேன் சார். எதும் சேதி உண்டா?"

"அன்னைக்குக் கேட்டதையே இன்னொரு தடவை கேக்குறேன். இப்போ நீங்களும் நானும் மட்டும்தான். அன்னைக்கு அவர் என்ன சாப்பிட்டார்?"

ஒரு லாரி போகும் சத்தம் கேட்டது.

"நா ஒண்ணுமே ஆக்கல சார். அடுப்பே பத்த வைக்கல. சண்ட நடக்குற கடலுக்குப் போவாண்டாம்னு மூணு நாளா மல்லுக்கு நின்னேன். கேக்கல. போனா அப்பிடியே போயிருங்க, திரும்பி வராதீயன்னு சொல்லிட்டேன். எவ்வாயால சொல்லிட்டேன் சார்."

நான் குறுக்கே பேசவில்லை. பயிற்சி அதற்காவது உதவியது.

"தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல நின்னு போன் பண்ணுனாவ. ரெண்டு பன்னு வாங்கித் தின்னுட்டேன், நீ எதாச்சும் சாப்பிட்டியாட்டின்னு கேட்டாவ. நா பதிலே சொல்லாம கட் பண்ணிட்டேன். அதான் கடைசி. அத்தய பக்கத்துல வச்சுக்கிட்டு இத நா எப்பிடிச் சொல்லுவேன்? பட்டினியா அனுப்புனவன்னு..." பிறகு அழுகை. இந்தத் தடவை உண்மையிலேயே அழுகை.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "ஜெனோவாம்மா, ரொம்ப நன்றி. நேரா கோயிலுக்குப் போயிட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்க" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு, "சரிங்க சார்" என்றாள். புரிந்துகொண்டுவிட்டாள்.

போனை வைத்தேன். மாத்திரை போட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

9-ஆம் தேதித் தகவல் 'அனுப்பப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். தானாக அனுப்பப்படவில்லை. அனுப்பியவன் நான். மூன்று வாக்கியமும் என் வாக்கியம். மாமியாரை எதிரே உட்காரவைத்து மருமகளிடம் உண்மை கேட்டவனும் நான். சத்தியம் வாங்கக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாலும் அவள் சீலா மீன் என்றுதான் சொல்லியிருப்பாள். இதைப் பெரியவரிடம் அப்படியே சொன்னேன். "நீ எடுத்துக் கொடுத்தாயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒலிப்பதிவை மொழிபெயர்ப்பாளரோடு இரண்டு முறை கேட்டார். கடைசியில், "அந்தப் பெண் நல்ல பெண்" என்றார். திட்டு பாக்கி இருக்கிறதாம், நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்கிறேன்.

பிறகு அபு ஹாதிம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் அம்மாவும் என் மனைவியும் இதே வீட்டில்தான் இருக்கிறார்கள். கேள்வியை எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேனே!" என்று சொல்லிவிட்டு உள் அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

இவர் நினைத்திருந்தால் செவ்வாயன்றே கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. தன் ஆளைக் கிடங்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். இந்த மனிதருக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்.

பிப்ரவரி 14, சனி

மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்பட்டது. உப்புக் கிடங்கு உள்ளே இருக்கிறது. வரிசை எண் முப்பத்தொன்பது.

பிப்ரவரி 16, திங்கள்

விடியற்காலையில் அடித்தார்கள். துறைமுகத்தில் முக்கால்வாசி இல்லை. உப்புக் கிடங்கு நிற்கிறது, ஒரு ஓடுகூடச் சரியவில்லை என்று அபு ஹாதிமின் ஆள் பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

நன்றி சொல்லத்தான் நோட்டை எடுத்தேன். மற்றக் கூரைகளுக்குக் கீழே யார் யார் இருந்தார்கள் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு ஒரு கேள்வியும் போகவில்லை. தோசை இறங்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

அரசிக்குப் போன் செய்து, "மகள் பக்கத்துல இருக்காளா?" என்றேன். ஆமாம் என்றாள். "அப்ப மாடிக்குப் போய் நீ மட்டும் பேசு" என்றேன்.

அன்று டோக்கன் கூப்பிட்டது பேங்கில் இல்லை, ஆஸ்பத்திரியில். மார்பில் ஒரு கட்டி இருந்திருக்கிறது. எடுத்தாகிவிட்டது. கெட்டது இல்லை என்று முடிவும் வந்துவிட்டது. எனக்குச் சொல்லக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என் ரத்த அழுத்தத்துக்காக!

"உளவுக்காரர் பொண்டாட்டி, எனக்கு மறைக்கத் தெரியாதா?" என்று சிரித்தாள். கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நன்றி என்ற சொல்தான் வந்தது. கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருஷத்தில் அவளிடம் அதைச் சொன்னது இதுவே முதல் தடவை. "என்ன, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று பதறிவிட்டாள்.

பிப்ரவரி 21, சனி

அபு ஹாதிம் குலப் பெரியவர்களோடு மூன்று நாள் உட்கார்ந்து தேநீர் குடித்ததன் பலன். ஊரே எரிந்து கிடக்கையில் அன்னியர் ஐந்து பேருக்கு யார் சோறு போடுவது என்று பேசிப் பேசியே கரைத்திருக்கிறார். இன்று பகல் பதினொரு மணிக்கு ஒரு மீன்பிடிப் படகில் ஐவரும் வந்து இறங்கினார்கள். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

ரெமிஜியுஸ் போட்டோவில் இருந்ததில் பாதி ஆள். உப்பு அரித்த கால்கள். தமிழில் பேசியதும் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

விடுதலையானவரின் முதல் போன் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. எங்கே வைத்திருந்தார்கள், யார் காவல் என்பதெல்லாம் மனது இளகும்போதுதான் வெளியே வரும். அதற்கென்று ஒரு அறை, ஒரு போன், ஒரு ரெக்கார்டர். உட்காரவைத்துக் கேள்வியின் கதையை அவருக்குச் சொன்னேன்.

"மொதல்ல கேக்கும்போது எங்கம்மா பக்கத்துல இருந்தாவளா சார்?"

"இருந்தாங்க."

"பெறவு எப்பிடிச் சார் அவ சொல்லுவா?" என்று சிரித்தார். நான் இருபத்தாறு வருஷத்தில் கற்காததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "ரெண்டாவது சொல்லிட்டாளா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அதனாலதான் நீங்க அஞ்சு பேரும் இங்க இருக்கீங்க. எங்க ரெண்டு அரசாங்கம் சேந்து செஞ்சதைவிட அது பெருசு. இதை நான் எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. உங்ககிட்டயாவது சொல்லணும்."

எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். இருவருமே பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ரெக்கார்டரில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

நான் ரெக்கார்டரை அணைத்தேன். எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வராந்தாவில் அபு ஹாதிம் நின்றிருந்தார். "என்ன பேசுகிறார்கள்?" என்றார்.

"தெரியாது" என்றேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாக நான் சொன்னதில்லை.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றால் காதில் விழும் என்று இருவருக்குமே தெரியும். நாலு அடி தள்ளிப் போய், இரண்டு உளவுக்காரர்களும் அரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.